காலையில் கிளம்பாத கணினி

மார்கழி கடைசி வாரத்தில் ஒரு நாள் அப்பச்சி (எங்கள் செட்டிநாட்டு வழக்கில் அப்பா) காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "தம்பி, பெட்டி இன்னைக்குச் சுத்தமாக் கிளம்பல" என்றார். முகப்பை ஒட்டிய அறையில், ஐயா, அதாவது தாத்தா, காலத்துக் கணக்கு மேசையின்மேல் 2007-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் மேசைக் கணினியைத்தான் அவர் பெட்டி என்பார். தை பிறந்ததும் எங்கள் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வருகிறது. யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் புள்ளி (மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) இப்போது எந்த ஊரில் இருக்கிறது, சென்ற ஆண்டு வரவு எவ்வளவு, பந்திக்கு ஆன செலவு எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பங்காளிகள் பட்டியலின் அச்சுப்படி ஒன்று மூன்று ஆண்டுகளுக்கு முந்தையதாகக் கிடைத்தது; அதற்குப் பிறகு நடந்த கல்யாணங்களும் பிறந்த பிள்ளைகளும் வேறெங்கும் எழுதப்படவில்லை.

பழுது பார்க்க வந்த ஒருவர், முன்பக்கப் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மதர்போர்டு என்னும் முதன்மைப் பலகை போய்விட்டது, இந்தக் காலத்துப் போர்டு இனிக் கிடைக்காது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சென்றிருந்தார். மூடியைத் திறக்காமலும் எதையும் அளக்காமலும் சொன்ன அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் ஏறி ஊருக்கு வந்தேன். அடுத்த மூன்று நாட்கள் நான் செய்தவற்றை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இதே வயதுள்ள கணினி இன்னும் பல வீடுகளில் பிள்ளைகளின் நிழற்படங்களையும் குடும்பக் கணக்குகளையும் வைத்துக்கொண்டு நிற்கிறது என்பதால் இது சிலருக்கேனும் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கணினி கிளம்பவில்லை என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொல்கிறோம். ஆனால் அது குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைமைகளைக் குறிக்கிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கோ ஒலியோ எதுவுமே இல்லாமலிருப்பது ஒன்று. ஃபேன் ஒரு கணம் அசைந்து நின்றுவிடுவது மற்றொன்று. ஃபேன் நன்றாகச் சுற்றியும் திரை கறுப்பாகவே இருப்பது மூன்றாவது. திரையில் எழுத்துகள் வந்து, விண்டோஸ் மட்டும் ஏறாமல் நிற்பது நான்காவது. முதல் இரண்டும் பெரும்பாலும் மின்சாரம் சார்ந்தவை, மூன்றாவது ரேம் என்னும் தற்காலிக நினைவகம், டிஸ்பிளே கார்டு போன்ற உறுப்புகளைச் சார்ந்தது, நான்காவது ஹார்ட் டிஸ்க்கையோ அதிலுள்ள மென்பொருளையோ சார்ந்தது. எந்த நிலைமை என்று பிரித்துக்கொள்ளாமல் உறுப்புகளை மாற்றத் தொடங்கினால் பணமும் போகும், நல்ல உறுப்பும் கெடும். எங்கள் பெட்டியில் பொத்தானை அழுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, பிராசசர்மேல் உள்ள ஃபேனைக் கண்கொட்டாமல் பார்த்தபடி மீண்டும் அழுத்தியபோது, அதன் இறக்கை கால் சுற்றளவு துடித்து அடங்கியது. ஆக, அது முற்றிலும் உயிரற்றுக் கிடக்கவில்லை. எழ முயன்று விழுகிறது.

இதற்குமேல் எதையும் தொடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். இதில் நான் மிகவும் பிடிவாதமானவன். கணினிக்கு என்ன ஆனாலும் அதற்கு மாற்று உண்டு. அப்பச்சி பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டச்சு செய்தவற்றுக்கு மாற்று இல்லை. மின்வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, நான்கு திருகாணிகளைக் கழற்றி, இரண்டு கேபிள்களை உருவினால் டிஸ்க் கைக்கு வந்துவிடும். அதை யூஎஸ்பி இணைப்பாக மாற்றித் தரும் சிறு கருவி ஒன்றுண்டு. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி அடாப்டரோடு வருவதையே வாங்க வேண்டும். மடிக்கணினியில் செருகியதும் டிஸ்க் சீராகச் சுழன்றது. 'டக், டக்' என்று ஒரே இடைவெளியில் தட்டும் ஒலி கேட்டிருந்தால் உடனே நிறுத்தியிருப்பேன், ஏனென்றால் அது உள்ளே படிக்கும் முனை தடுமாறுவதன் அடையாளம். அந்நிலையில் திரும்பத் திரும்ப முயல்வது தகடுகளையே கீறிவிடக்கூடும். நல்லவேளையாக அப்படி எதுவும் இல்லை. 160 ஜிபி டிஸ்க்கில் அப்பச்சியின் கோப்புகள் 11 ஜிபிக்குள் அடங்கிவிட்டன.

நகல் எடுத்த கோப்புகளைத் திறந்தபோது எழுத்துகள் அனைத்தும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. ஆத்தா (அம்மா) அருகில் நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் போயிருச்சா?" என்று கேட்டார். எதுவும் போகவில்லை. அப்பச்சி தொடக்கத்திலிருந்தே பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர். அந்நாளைய தமிழ் எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். பழைய டிஸ்க்கின் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்னும் பகுதியில் பாமினி இருந்தது; அதையும் நகலெடுத்து மடிக்கணினியில் நிறுவியதும் பங்காளிகள் பட்டியல் தமிழில் விரிந்தது. பழைய டிஸ்க்கைக் காப்பாற்றுகிறவர்கள் கோப்புகளோடு எழுத்துருக்களையும் மறவாமல் எடுத்து வைக்க வேண்டும்.

கோப்புகள் பத்திரமான பிறகுதான் பெட்டியின் பக்கம் நிதானமாகத் திரும்ப முடிந்தது. எப்போதும் சுவரிலிருந்தே தொடங்குவேன். எங்கள் வீட்டின் பழைய மரப்பட்டி வயரிங் சில அறைகளில் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. கணினி அறை மாறாத அறைகளுள் ஒன்று. மூன்று துளை பிளக் பெட்டி பின்னாளில் பொருத்தப்பட்டது. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்துச் சோதித்தேன். எச்சரிக்கையாக ஒன்று: மீட்டரின் முனையைப் பிளக் துளைக்குள் விடும்போது அதன் உலோகப் பகுதியில் விரல் படாமலிருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 226 வோல்ட் காட்டியது, குறையில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். மீட்டர் 40-க்கும் 70-க்கும் இடையே அலைந்தது. எர்த் துளைக்குக் கம்பி இருக்கிறது, ஆனால் அது நிலத்தைச் சரியாகத் தொடவில்லை என்று அதற்குப் பொருள்.

கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கும் என்று அப்பச்சி பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். அதைத் தொடும்போது ஒரு மரப் பலகையில் கால் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அந்தச் சுருசுருப்பின் காரணம் இதுதான். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் என்னும் பெட்டிக்குள், மின் இரைச்சலை வடிப்பதற்காக, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக மின்னூட்டத்தைத் தேக்கும் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உலோக உறையோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறு மின்சாரம் நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உறை இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு மிகக் குறைவானதால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே வேறு ஏதேனும் அறுந்து உறையைத் தொட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. சுருசுருப்பைப் பழகிப்போன ஒன்றாக எந்த வீட்டிலும் விட்டுவிடக் கூடாது.

கொல்லையில் எர்த் குழியைத் தேடினேன். மூன்றாங்கட்டுக்குப் பின்னால், உடைந்த ஓடுகளின் அடியில் அது இருந்தது. எங்கள் பக்கத்துச் செம்புறை மண் மழை நின்று சில வாரங்களிலேயே காய்ந்து கல்லாகிவிடும். காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்காது. குழி தோண்டும்போது கரியும் உப்பும் இட்டு மூடுவதும், கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் ஈரத்தைத் தக்கவைக்கத்தான். அந்தக் குழாயில் தண்ணீர் விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். குழாயில் கம்பியைப் பிடித்திருந்த போல்ட்டும் துருவேறி உதிர்ந்தது. ஊர் எலக்ட்ரீசியனை அழைத்து மின்சாரத்தை நிறுத்தி, போல்ட்டை மாற்றிக் கம்பியை முறுக்கி, நான்கு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு மீட்டரில் 219 வந்தது. இதனால் கணினி கிளம்பிவிடவில்லை. ஆயினும் அந்த மூன்று நாட்களில் செய்தவற்றில் முக்கியமானது எது என்று கேட்டால் இதையே சொல்வேன்.

அடுத்ததாகப் பெட்டியின் உட்புறம். வளவு என்னும் உள்முற்றப் பகுதியிலிருந்து வரும் காற்றில் தூசி நிறைய. பிராசசரின் அலுமினிய இதழ்களுக்கு இடையே சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தைபோல் அடைந்திருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கக் கம்பிவலையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. கட்டைவிரல் அளவில், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறைகள். காற்று வெளியேறும் வழியில் பாதியை அது அடைத்துவிட்டது. உளியால் தட்டப் போனபோது ஆத்தா தடுத்தார். குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் பிள்ளை வரும் என்பது நம்பிக்கை. குஞ்சு உள்ளே இருக்கும்போது இடிக்கக் கூடாது. விளக்கை அடித்துப் பார்த்தோம். மூன்று அறைகளிலும் வட்டமாகத் துளை விழுந்திருந்தது. குஞ்சுகள் வளர்ந்து வெளியேறிவிட்டன. அதன்பிறகே ஆத்தா சம்மதித்தார். உலர்ந்த மண் ஒரு தட்டில் முழுதாகப் பெயர்ந்து வந்தது.

தூசியைத் தட்ட வண்ணம் பூசும் மென்மையான தூரிகையைப் பயன்படுத்தினேன். வீட்டில் உள்ள வேக்குவம் கிளீனரை நேரடியாக வைத்து உறிஞ்ச வேண்டாம். அதன் குழலில் உருவாகும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது. காற்றை ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தூசி நீங்கியதும் மதர்போர்டின் கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கைவிளக்கால் பார்த்தேன். பிராசசரைச் சுற்றி நிற்கும் அந்தச் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். 1999-ஐ ஒட்டித் தொடங்கி அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் செய்யப்பட்ட கெப்பாசிட்டர்களில் கணிசமானவை, உள்ளிருக்கும் திரவத்தின் சேர்மானம் சரியில்லாததால், வாயு உண்டாகித் தலை உப்பி வெடித்தன. அந்தக் காலத்துக் கணினியைத் திறக்கும் எவரும் முதலில் தேடுவது அந்த உப்பலைத்தான். எங்கள் போர்டில் அத்தனையும் தட்டையாகவே இருந்தன. போர்டு போய்விட்டது என்று சொல்ல அதுவரை ஒரு சான்றும் கிடைக்கவில்லை.

இனிப் பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலரும் அதை விளக்கு சுவிட்சைப் போன்றது என்று நினைக்கிறார்கள். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறைக்கு முன்பு அப்படித்தான் இருந்தது. பொத்தான் நேரே மின்சாரத்தை இணைத்தது. அதன்பிறகு வந்த கணினிகளில் பொத்தான் ஒரு வேண்டுகோளை மட்டும் அனுப்புகிறது. பிளக்கைச் செருகிச் சுவர் சுவிட்சைப் போட்டதுமே, கணினி அணைந்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு சிறு பகுதி விழித்துக்கொண்டு 5 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். அது ஊதா நிறக் கம்பியில் வரும். அந்த மின்சாரத்தில் மதர்போர்டின் காவற்பகுதி விழித்திருக்கும். பொத்தான் அழுத்தப்பட்டதும் அது பச்சைக் கம்பியைப் பூச்சிய வோல்ட்டுக்கு இழுக்கும். அதைக் கண்டு எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பகுதி எழுந்து மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட்டைத் தரும். எல்லாம் நிலைபெற்றதும் சாம்பல் நிறக் கம்பி வழியே 'சரி' என்று சொல்லும். அதுவரை பிராசசர் நகராது. இவ்வளவும் அரை விநாடிக்குள் நடந்துவிடுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று மல்டிமீட்டரால் பார்த்துவிடலாம்.

முதலில் பொத்தானே கெட்டிருக்கலாம் என்பதால், அதன் கம்பியை மதர்போர்டிலிருந்து உருவி, அந்த இரண்டு ஊசிகளையும் திருப்புளியின் முனையால் ஒரு கணம் தொட்டு இணைத்தேன். அதே கால் சுற்றுத் துடிப்பு. பொத்தானில் பழுதில்லை. பிறகு 24 ஊசி இணைப்பான் செருகியிருக்கும்போதே அதன் பின்பக்கமாக, ஊதாக் கம்பி நுழையும் துளையில் மீட்டரின் சிவப்பு முனையை மெல்ல விட்டு, கறுப்பு முனையைப் பெட்டியின் உலோகத்தில் வைத்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடம். ஐந்து விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி, 4.75-க்குக் கீழே போகக் கூடாது. மீட்டர் 3.7 காட்டியது.

அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. முற்றத்து வழியே பனிக்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பலகாரம் ஆறுகிறது என்று ஆத்தா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டதால் மின்சாரத்தை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது மீட்டரில் 4.6 இருந்தது. திருப்புளியால் ஊசிகளைத் தொட்டேன். ஃபேன் சுழன்றது, நிற்கவில்லை.

அப்பச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நான்தான் சொன்னேனே தம்பி, அது சாயங்காலம்னா கிளம்பும், காலையிலதான் சண்டித்தனம் பண்ணும்" என்றார். இரண்டு ஆண்டுகளாக அவர் அதைச் சொல்லி வந்திருக்கிறார். வயதான பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நான் கடந்து போயிருக்கிறேன். பழுதின் பெயரையே அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. கணினியை நாள்தோறும் பயன்படுத்துகிறவர் சொல்லும் 'எப்போது' என்ற செய்தியை யாரும் தள்ளிவிடக் கூடாது. காலையிலா, மழை நாளிலா, பிரிண்டரைப் போட்டபோதா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

காலைக்கும் கெப்பாசிட்டருக்கும் உள்ள உறவைச் சற்று விரித்தே சொல்கிறேன். உருளை வடிவக் கெப்பாசிட்டருக்குள் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே ஒரு காகிதம், அதில் ஊறிய ஒரு திரவம், இவை பாய்போல் சுருட்டப்பட்டிருக்கின்றன. ஒரு தகட்டின்மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்னூட்டத்தைத் தேக்குகிறது. திரவம் அந்தப் படலத்தோடு ஒட்டி மின்சாரத்தைக் கடத்துகிறது. அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே அந்தத் திரவம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையினர் கையாளும் கணக்கு. குளவிக் கூடு அடைத்த எஸ்எம்பிஎஸ் எவ்வளவு வெந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திரவம் குறையக் குறைய உள்தடை ஏறுகிறது. எஞ்சியிருக்கும் திரவமும் குளிர்ந்தால் கெட்டிப்பட்டு இன்னும் மோசமாகக் கடத்துகிறது. சூடேறினால் இளகி ஓரளவு வேலை செய்கிறது. அப்பச்சி சிக்கனம் கருதி ஒவ்வோர் இரவும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். ஆகவே மார்கழிக் காலையில் அந்தக் கெப்பாசிட்டர் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். மாலையில், பகல் வெயிலில் அறை சூடாகியிருக்க, மதியமே சுவிட்சைப் போட்டு வைத்த பெட்டி எழுந்துவிடும். உலோகமும் திரவமும் மின்சாரமும் கூடும் இந்த அறிவியலுக்கென்றே எங்கள் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்தில், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. பள்ளிக் காலத்தில் அதன் வாசலைத் தாண்டிப் பலமுறை போயிருந்தும், அங்கே ஆராயும் பொருள் எங்கள் மேசைமேலும் இருக்கிறது என்று நான் நினைத்ததில்லை.

ஒரு முறை அளந்ததை நம்பாமல், சுவிட்சை அணைத்து மூன்று மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளந்தேன். 3.9-இல் தொடங்கி மெல்ல ஏறியது. ஐயம் நீங்கியது. சிலர் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு குண்டூசிக் கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றினால் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். அது பாதிச் சோதனைதான். சுமையில்லாமல் ஃபேனை மட்டும் சுற்றுவதற்கு நோயுற்ற எஸ்எம்பிஎஸ்ஸாலும் முடியும். போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துத் தாங்கும்போதுதான் அது விழுகிறது.

கெட்ட கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் சில ரூபாய்களில் வேலை முடிந்துவிடும். ஆனாலும் வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம் என்றே சொல்வேன். 230 வோல்ட் ஏசி உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. அதைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். அதை இறக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே திறக்க வேண்டும். திங்கட்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் போய்ப் புதிய எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது 24 ஊசி இணைப்பானும், பிராசசருக்கான நான்கு ஊசி இணைப்பானும், டிஸ்க்குக்கேற்ற சாட்டா இணைப்பானும் இருக்கின்றனவா என்று பழையதைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். பெட்டிமேல் அச்சிட்ட வாட் எண்ணைவிடக் கையில் தூக்கிப் பார்க்கும் எடைக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். உள்ளே தேவையான தாமிரமும் அலுமினியமும் இல்லாதது இலேசாக இருக்கும். பிராசசரின் நான்கு ஊசி இணைப்பானைச் செருக மறப்பது மிகப் பொதுவான தவறு. அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது.

போர்டிலிருந்த வட்டப் பேட்டரியையும் அளந்தேன். சிஆர்2032 என்னும் அந்த 3 வோல்ட் பேட்டரி 1.4-க்கு இறங்கியிருந்தது. அது நாளையும் நேரத்தையும், கணினியைத் துவக்கும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளின் அமைப்புகளையும் காப்பது. கணினி கிளம்பாததற்கு அது காரணமாவது அரிது என்றாலும் விலை குறைவானதால் மாற்றிவிட்டேன்.

எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் ஃபேன் சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது, பெட்டியிலிருந்து பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. அப்பச்சியின் முகம் வாடியது. எனக்கு அந்த ஒலி ஆறுதலாக இருந்தது. பீப் அடிக்க வேண்டுமானால் பிராசசரும் பயாஸ் சில்லும் வேலை செய்ய வேண்டும். போர்டு உயிரோடிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. இரண்டு ரேம் பட்டைகளையும் கழற்றி, பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் அழுத்தாமல் இரண்டு தடவை தேய்த்து, துகள்களைத் துடைத்து, ஒன்றை மட்டும் இரு முனைகளிலும் 'டிக்' என்று பூட்டு விழும்வரை அழுத்திச் செருகினேன். ஒரே ஒரு சிறு பீப் ஒலித்து, திரையில் எழுத்துகள் வந்தன.

அதோடும் முடியவில்லை. விண்டோஸ் சின்னம் தோன்றிய கணமே நீலத்திரை விழுந்து கணினி மறுபடி தொடங்கியது. அதில் எண்ணும் எழுத்துமாக 7பி என்று முடியும் பிழைக்குறி இருந்தது. துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். டிஸ்க்கில் குறையில்லை என்பதை நான் ஏற்கெனவே அறிந்திருந்ததால் பதறவில்லை. பேட்டரியை மாற்றியபோது பயாஸ் தன் தொடக்க அமைப்புகளுக்குத் திரும்பிவிட்டது. அதில் டிஸ்க்கோடு தொடர்புகொள்ளும் சாட்டா முறை, ஏஹெச்சிஐ என்னும் புதிய வகையில் இருந்தது. அந்தப் பெட்டியிலிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த முறை தெரியாது. பயாஸுக்குள் நுழைந்து அதை ஐடிஇ என்னும் பழைய வகைக்கு மாற்றி, நாளையும் நேரத்தையும் சரிசெய்து சேமித்தேன். இந்த இடத்தில்தான் பலர் டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றிவிடுகிறார்கள். ஒரு வரி அமைப்புக்காகப் பத்தாண்டுக் கோப்புகள் போய்விடுகின்றன.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. ஆகவே அந்தப் பெட்டிக்கு இணையம் தரவில்லை. கணக்கும் அச்சும் மட்டும் அதன் வேலை. ஒவ்வோர் அமாவாசையன்றும் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுக்க அப்பச்சிக்கு ஒரு குறுக்குவழி அமைத்துக் கொடுத்தேன். நாளை மறக்க மாட்டார் என்பதால் அமாவாசையைத் தேர்ந்தேன்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எலக்ட்ரீசியன், பெரிய கெப்பாசிட்டர்களை ஒரு பல்பின் வழியே இறக்கிவிட்டுத் திறந்து காட்டினார். ஊதாக் கம்பி புறப்படும் இடத்துக்கு அருகே, வெப்பம் உமிழும் அலுமினியத் தகட்டை ஒட்டினாற்போல் சுண்டுவிரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர் நின்றது. அதன் தலையில் குறுக்கே கீறிய கோடுகள் விரிந்து, நடுவில் உலர்ந்த பழுப்புக் கசிவு கருப்பட்டிப் பாகு உறைந்ததுபோல் ஒட்டியிருந்தது. மற்றவை யாவும் தட்டையாக இருந்தன. அப்பச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு, பனி விலகாத நேரத்தில், அவரே போய்ப் பொத்தானை அழுத்தினார். நான் கட்டிலிலிருந்தே அந்த ஒற்றைப் பீப்பைக் கேட்டேன். நான் ரயில் பிடிக்கக் கிளம்புவதற்குள் பங்காளிகள் பட்டியல் நான்கு தாள்களில் அச்சாகிக் கணக்கு மேசைமேல் இருந்தது. இந்த ஆண்டு சேர்ந்த இரண்டு புதிய புள்ளிகளின் பெயர்களையும் கடைசித் தாளில் சேர்த்திருந்தார்.